காலி நோட்டுக்குக் கிடைத்த கேடயம்

ஒவ்வொரு ஆண்டும் சம்பள உயர்வுக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் வரும். குழுவை நடத்திச் செல்லும் திறனில் உங்களுக்கு நீங்களே எத்தனை மதிப்பெண் போடுவீர்கள், 1 முதல் 5 வரை. மேற்பார்வை வேலையில் இருக்கும் எல்லோரும் 4 போடுவார்கள். 5 போட்டால் தலைக்கனம் என்பார்கள், 3 போட்டால் இன்க்ரிமென்ட்டில் கை வைத்துவிடுவார்கள். கீழே ‘மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை’ என்று மூன்று கோடு இருக்கும். ‘நேர மேலாண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இதைச் செய்பவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. யோசித்துத்தான் போடுகிறார்கள். ஒருவர் தனியாக உட்கார்ந்து தன்னைப் பற்றி நேர்மையாக யோசித்தால் தன் குறை தெரிந்துவிடும், குறை தெரிந்தால் நல்ல மேலாளர் ஆகிவிடலாம் என்பதுதான் அந்தப் படிவத்தின் அடிப்படை நம்பிக்கை. என்னால் இப்போது அதை ஏற்க முடியவில்லை. ஏன் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளிவாகும் என்று தோன்றியது.

நான் வேலை செய்வது வடசென்னையில் ஒரு கன்டெய்னர் யார்டில். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி அடுக்கி, கஸ்டம்ஸ் முடிந்ததும் வெளியே விடுவோம். ஏற்றுமதிச் சரக்கைப் பெட்டியில் ஏற்றி, சீல் வைத்து, துறைமுகத்துக்கு அனுப்புவோம். எண்ணூர் நெடுஞ்சாலையிலோ பொன்னேரி நெடுஞ்சாலையிலோ ட்ரெய்லர் வரிசைக்குப் பின்னால் பைக்கில் நின்றவர்களுக்கு இந்த உலகத்தை விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சரக்கோடு சேர்த்து ஒரு பெட்டி 30 டன் வரை இருக்கும். அதைத் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி ஏறக்குறைய 70 டன். அதற்குத் திரும்புவது பின்சக்கரம். ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டியின் பின்பக்கத்தில் ஓட்டுபவரின் கண்ணுக்குப் படாத இடம் நிறைய உண்டு. அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும் என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் நியர் மிஸ் நோட்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். அடிபடவில்லை, ஆனால் அடிபட்டிருக்கும் என்று தோன்றிய எதையும் அதில் எழுத வேண்டும். எங்களிடம் இம்போர்ட் யார்டு, எக்ஸ்போர்ட் யார்டு என்று இரண்டு பகுதிகள். தனித்தனி இன்சார்ஜ், தனித்தனி வண்டிகள், தனித்தனி நோட்டு. இம்போர்ட் யார்டு நோட்டு பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். எக்ஸ்போர்ட் யார்டு நோட்டில் தேதிக்கு நேராக ‘நில்’ (Nil), ‘நில்’, ‘நில்’ என்று, அதாவது ஒன்றுமில்லை என்று, வரிசையாக இருக்கும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அன்றைக்குக் கேடயம் எக்ஸ்போர்ட் யார்டுக்குப் போனது. இம்போர்ட் யார்டு இன்சார்ஜ் என்னைவிட வயதில் சின்னவர். அவரை மேலிடத்தில் கூப்பிட்டு ‘உங்க பக்கம் ஏன் இவ்வளவு?’ என்று கேட்டார்கள். நான் அப்போது கேட் பக்கம் இருந்தேன். எனக்கு அது உறுத்தியது. ஆனால் எங்கே உறுத்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே ரோடு, ஒரே மாதிரி வண்டி, ஒரே காண்ட்ராக்டரின் ஆட்கள். ஒரு பக்கம் எப்படி ஒன்றுமே நடக்காமல் இருக்கும்?

டீக்கடையில் தெரிந்தது

கொஞ்ச நாளில் எக்ஸ்போர்ட் யார்டு இன்சார்ஜ் வேறு கிளைக்குப் போனார், என்னை அங்கே போட்டார்கள். போனவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கடுமையான உழைப்பாளி. ஆட்களை ஒருமையில் கூப்பிட மாட்டார், கெட்ட வார்த்தை பேசியதே இல்லை. ஒரு ஹெல்ப்பரின் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கிறார் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. எது சொன்னாலும் உடனே பதில் தருவார், அதுதான் அவர் பழக்கம். யாராவது ஒரு சிக்கலைச் சொல்லி வாயை மூடுமுன் தீர்வு வந்துவிடும். வேலை வேகமாக நடக்க வேண்டிய இடத்தில் அது பெரிய குணமாகத்தான் தெரியும். அவரும் அந்தப் படிவத்தில் 4 போட்டிருப்பார், மனசாட்சியோடு போட்டிருப்பார்.

நான் பொறுப்பேற்றுச் சில வாரங்கள் இருக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றோம். எங்கள் சீனியர் ஆபரேட்டரும் இருந்தார். தண்டையார்பேட்டைக்காரர், என் சித்தப்பா வயது. யார்டுக்குள் என்னை சார் என்பார், வெளியே தம்பி. பக்கத்தில் நின்ற ஒரு ட்ரெய்லர் டிரைவர், எங்கள் கம்பெனி ஆள் இல்லை, கிளாஸை வாங்கிக்கொண்டே சொன்னார்: “சார், உங்க மூணாம் நம்பர் வண்டி ரிவர்ஸ்ல சத்தமே போட மாட்டேங்குது. எப்பதான் சரி பண்ணுவீங்க?”

ஆபரேட்டர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் போன பிறகு கேட்டேன், எவ்வளவு நாளாண்ணே என்று.

“அது ஆச்சு தம்பி. பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்தே இல்ல.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“சொன்னேனே. ‘இத்தினி வருஷ சர்வீஸ் உங்களுக்கு, ஹார்ன் இல்லாம ஓட்டத் தெரியாதா’ன்னாரு. அதுக்கு இன்னான்னு பதில் சொல்றது? தெரியாதுன்னா வேலை தெரியாதவன். தெரியும்னா ஹார்ன் எதுக்கு? அதோட உட்டுட்டேன்.”

“நான் வந்தப்புறம் ஏதாவது பிரச்சனை இருக்கான்னு எல்லாரையும் கேட்டேனே அண்ணே.”

“பிரச்சனை இல்லியே. ஓட்டிக்கினுதானே இருக்கேன். பின்னாடி பையன் ஒருத்தன் விசில் அடிச்சிக்கினே வருவான் பாரு, அது அதுக்குத்தான்.”

அந்த விசிலை யார்டில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெரிய வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு ஹெல்ப்பர் விசிலோடு பின்னால் நடந்து வருவதைப் பார்த்த ஆடிட்டர்கூடக் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார். ஓட்டுபவரின் கண்ணுக்குப் படாத அதே இடத்தில், 70 டன் வண்டிக்குப் பின்னால், ஒரு பையனை நடக்கவிட்டிருக்கிறோம். ஹார்ன் இல்லாததற்கு அந்தப் பையன்தான் ஹார்ன். மார்ச் 4 அன்று கேடயம் வாங்கிக் கை தட்டியபோதும் மூணாம் நம்பர் வண்டிக்குச் சத்தம் இல்லை. காலையில் வண்டி எடுக்குமுன் நிரப்பும் தாளில் ‘ரிவர்ஸ் ஹார்ன்’ என்ற வரிக்கு நேராகத் தினமும் டிக் இருந்தது. அன்றைக்கே வண்டியை நிறுத்தினோம். எலெக்ட்ரீஷியன் ஒரு ரிலேயை மாற்றினார், மதியத்துக்குள் சத்தம் வந்துவிட்டது.

இந்தச் சம்பவத்தில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆபரேட்டர் பயந்தவர் அல்ல, பொறுப்பில்லாதவரும் அல்ல. தன் திறமையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரு வழியையும் கண்டுபிடித்திருந்தார். முந்தைய இன்சார்ஜ் பாராட்டாகவே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார். நீங்கள் கெட்டிக்காரர் என்றுதான் அதற்குப் பொருள். அவரைத் தனியே ஒரு அறையில் உட்காரவைத்து, உங்கள் தலைமைப் பழக்கங்களை ஆழமாக அலசுங்கள் என்று ஒரு வாரம் கொடுத்திருந்தாலும், அந்த ஒரு வாக்கியம் அவர் நினைவுக்கு வந்திருக்காது. அவருக்கு அது சாதாரணப் பேச்சு. ஆபரேட்டருக்கோ அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. ஒரு மேலாளரைப் பற்றிய மிக முக்கியமான தகவல் அவருக்குள் இல்லை, அவர் முன்னால் நின்று பேசாமல் திரும்பிப் போனவரிடம் இருக்கிறது. எந்தப் படிவமும் அங்கே போய் எட்டிப் பார்ப்பதில்லை.

அதிகம் எழுதுகிறவர்கள்

பிறகு படித்தபோது, இதே கணக்கில் மாட்டிக்கொண்ட ஒருவர் இருந்தார் என்று தெரிந்தது. ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், 1990களில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் ஏற்படும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். புள்ளிவிவரம் நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள் என்பது அவருக்குப் பிறகு புரிந்தது. 1996-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு குழுவில் பேசினால் தண்டனையோ அவமானமோ வராது என்ற நம்பிக்கையைப் பற்றி 1999-இல் அவர் எழுதிய கட்டுரை அதன் தொடர்ச்சி. அதைப் படித்து முடித்ததும் நான் முதலில் நினைத்தது எங்கள் இம்போர்ட் யார்டு இன்சார்ஜைத்தான். நிரம்பிய நோட்டோடு மேலிடத்தில் போய்த் தலை குனிந்து நின்றாரே, அவரை.

டாஷா யூரிக் என்ற உளவியல் ஆய்வாளரின் வேலையும் எனக்கு உதவியது. தன்னைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். அவருடைய அளவுகோலில் தேறியவர்கள் 10 முதல் 15 சதவீதம் பேர்தான். பதவியும் அனுபவமும் கூடக்கூடத் தன்னைப் பற்றிய மதிப்பீடு பிசகும் வாய்ப்பும் கூடுகிறது என்கிறார். மேலே போகப்போக உண்மையைச் சொல்ல ஆள் குறைகிறது என்பது ஒரு காரணம். உள்நோக்கி யோசிப்பவர்கள் ‘ஏன் இப்படிச் செய்தேன்’ என்று கேட்டுக்கொண்டால் மனம் தனக்கு வசதியான ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடும், ‘என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்’ என்று கேட்பவர்களே முன்னேறுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு முடிவு. இதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ராத்திரி தூங்காமல் அன்றைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் மேலாளர்கள் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள். காலையில் அவர்கள் களைத்துப்போய் வருகிறார்கள். மாறி வந்ததாகத் தெரியவில்லை.

நான் இப்போது செய்வது

ஷிஃப்ட் ஒப்படைக்குமுன் கேபினில் உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறேன். என்னைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை இன்றைக்கு யார் சொன்னார்கள்? அதற்கு என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன? அவர் அதற்குப் பிறகு பேசினாரா, நிறுத்தினாரா? அவ்வளவுதான். முதல் வாக்கியத்தைச் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும், திருத்தக் கூடாது. ‘கொஞ்சம் கோபமாகப் பேசினேன்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. ‘அதெல்லாம் மெயின்டனன்ஸ் பார்த்துப்பாங்க, நீங்க வேலையப் பாருங்க’ என்று எழுதினால்தான் அது எதிராளியின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பார்க்க முடியும். அதை நல்லதா கெட்டதா என்று அப்போதே தீர்ப்புச் சொல்வதும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிறகு மனிதனுக்குத் தன் மேல் பரிதாபம் வரும், இல்லாவிட்டால் ஊர் மேல் கோபம் வரும். வார விடுமுறையில் ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பேன். அப்போது தெரிவது வேறு மாதிரி இருக்கும். ஒரே ஆளின் பெயர் மூன்று வாரமாக நோட்டில் வரவில்லை என்றால், அவர் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவர் வண்டிப் பக்கம் போய் நிற்பேன்.

கேள்வியையும் மாற்றினேன். ‘பிரச்சனை இருக்கா?’ என்று கேட்டால், தன் வேலையைத் தானே சமாளிக்கத் தெரிந்த மனிதர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அதில் அவருடைய பெருமை இருக்கிறது. இப்போது நான் கேட்பது, “இன்னிக்கு எங்கெங்க வேகத்தைக் குறைச்சீங்க?” அனுபவமுள்ள ஆபரேட்டர் ஆபத்து இருக்கும் இடத்தில் தன்னையறியாமல் காலைத் தளர்த்துவார். இதைச் சொல்வதில் அவருக்கு எந்தக் கௌரவக் குறைவும் இல்லை, சொல்லப்போனால் அவர் திறமை அங்கேதான் தெரிகிறது. முதல் வாரத்திலேயே பதில்கள் கொட்டின. மூன்றாவது வரிசை முனையில் பள்ளம், மழைத் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. பின்வாசல் பக்கம் விளக்குக் கம்பம் எரிவதில்லை. கடைசி அடுக்குக்கு நடுவில் ட்ரெய்லர் டிரைவர்கள் இறங்கி நடக்கிறார்கள். எதற்கு நடக்கிறார்கள் என்று விசாரித்தால், மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. பெட்டிகளுக்கு இடையில் மறைவு கிடைக்கிறது என்று போகிறார்கள். எத்தனையோ பாதுகாப்புக் கூட்டங்களில் ‘அடுக்குகளுக்கு நடுவே நடக்காதீர்’ என்று போர்டு மாட்டியிருக்கிறோம். ஒரு கழிப்பறை கட்டினால் பாதிப் போர்டு தேவைப்படாது.

இந்தப் பழக்கத்தில் கஷ்டமானது கேட்பது இல்லை. கேட்ட பிறகு என்ன ஆயிற்று என்று போய்ச் சொல்வதுதான். பள்ளத்தை நிரப்ப இந்த மாதம் பணம் இல்லை என்றால், இல்லை என்று அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் 1970களிலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எல்லோரும் உட்கார்ந்து, என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், அடுத்த முறை என்ன என்று பேசுகிறார்கள். அங்கே பதவியைப் பார்க்காமல் பேச வேண்டும் என்பது விதி. நம் ஊரில் அப்படிப் பேசவைக்க ஒரே உத்தரவில் முடியாது. சொன்னது வீண்போகவில்லை என்று ஆள் பார்த்தால்தான் அடுத்த முறை வாய் திறப்பார். அதனால் ஒரு கரும்பலகை வைத்தோம். யார் சொன்னது, என்ன, எந்த நிலையில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்றால் போடுவதில்லை.

எங்கே இது நின்றுபோகிறது

சுயபரிசோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட். ஒரு போன் காலில் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட முடியும். அப்படிப்பட்ட மனிதர் வாயை மூடிக்கொண்டிருப்பது முழுக்க முழுக்கப் புத்திசாலித்தனம். என் பணிவு, என் நோட்டு, என் நல்ல கேள்வி எதுவும் அதை மாற்றாது. நியர் மிஸ் எழுதியதற்காக யாரையும் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை. இந்த வரி இல்லாமல் மேலாளர்களுக்கு எத்தனை தலைமைப் பயிற்சி கொடுத்தாலும் அது அரைகுறைதான்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கு இது புதிய கதையும் இல்லை. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களின் குறைகள் மில் நிர்வாகத்தின் காதுக்குப் போகாத காலத்தில், அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரின் காதுக்குப் போயின. மதிய இடைவேளை சாப்பிடக்கூடப் போதவில்லை என்பது அவற்றில் ஒன்று. அவரும் ராமானுஜலு நாயுடுவும் போய், ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்த பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மேலிடத்துக்குத் தெரியாதது கடைக்குத் தெரிவது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அதற்காக டீக்கடையை நான் துப்பறியும் இடமாக ஆக்க மாட்டேன். அங்கே கேட்டதை வைத்து ஒருவரைப் பெயர் சொல்லி யார்டுக்குள் விசாரித்தால், மறுநாளிலிருந்து அங்கேயும் பேச்சு நின்றுவிடும். “அண்ணே, இதை நான் நோட்டுல எழுதலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சில சமயம் வேண்டாம் என்பார்கள். எழுதுவதில்லை.

எங்கள் நோட்டு நிரம்ப ஆரம்பித்ததும் மேலிடத்திலிருந்து முதலில் வந்தது விளக்கம் கேட்டு ஒரு மெயில். ஹார்ன் கதையையும் மருத்துவமனை ஆய்வையும் சேர்த்துப் பதில் போட்டேன். அப்புறம் அவர்கள் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு யார்டும் மாதம் இத்தனை நியர் மிஸ் எழுதியே ஆக வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டார்கள். இப்போது மாதக் கடைசியில் ‘ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது’ என்ற வகையில் எண்ணிக்கைக்காக எழுதிய வரிகள் வருகின்றன. அடுத்த வாரம் இதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. இம்போர்ட் யார்டு இன்சார்ஜும் நானும் சேர்ந்து கேட்கப்போவது இதுதான்: இலக்கையும் கேடயத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரு ஆள் ஒன்றை எழுதிய நாளிலிருந்து அது சரிசெய்யப்படும் வரை எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கணக்கு எடுங்கள். அந்த எண் இன்சார்ஜையும் மெயின்டனன்ஸையும் பணம் ஒதுக்குகிறவரையும் சேர்த்து அளக்கும். அந்தக் கணக்கில் என் யார்டு இப்போதைக்கு நன்றாக இல்லை. பின்வாசல் விளக்குக் கம்பம் இன்னும் எரியவில்லை, டிரைவர்களுக்கான கழிப்பறை எஸ்டிமேட் அளவிலேயே நிற்கிறது. கரும்பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டையும் கூட்டத்தில் காட்டப்போகிறேன்.